அம்மாவின் கண்ணாடி மேசையை லோரிக்காரரிடம் கொடுக்கலாமா?



பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் மூன்றரைப் பக்கம் வீட்டைப் பற்றியது. தோட்டம் கைமாறிவிட்டது, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருகிறார்.

“அக்கா, செத்துப்போன அம்மாவின் கண்ணாடி மேசை ஒன்று இருக்கிறது. வானநீலச் சாயம் அடித்தது. பழைய சாமான் லோரிக்காரர் பார்த்துவிட்டு எழுபது வெள்ளி தருவதாகச் சொல்கிறார். சனிக்கிழமை வந்து ஏற்றிக்கொள்வாராம். கொடுத்துத் தொலை என்கிறார் அண்ணன். எனக்குத்தான் மனம் வரவில்லை. இதெல்லாம் பழம்பொருள் கணக்கில் சேருமா? அல்லது நான்தான் வீணாகக் கட்டி அழுகிறேனா?”

சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்ததால் அவருக்குக் கைப்பேசியிலேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இப்படி ஒரு மேசை உங்களில் பலருடைய வீட்டிலும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விற்பதோ வைத்துக்கொள்வதோ பிறகு இருக்கட்டும். முதலில் லாச்சிகளை முழுவதுமாக வெளியே இழுத்து, அவை இருந்த பொந்துக்குள் கையைவிட்டுத் துழாவிப் பாருங்கள். மரத்தைப் பற்றி எதுவும் பேசுவதற்கு முன் இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1983-இல் நாங்கள் தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்கு வந்தபோது எங்கள் அம்மாவின் மேசையை இருபத்தைந்து வெள்ளிக்குக் கொடுத்துவிட்டோம். நம் வீடுகளில் பத்திரங்கள் எங்கே இருக்கும்? பிஸ்கட் டின்னில் இருக்கும், இல்லாவிட்டால் கண்ணாடி மேசையின் மேல் லாச்சியில் இருக்கும். லாச்சி நிரம்பிவிட்டால் மேலே கிடக்கும் தாள் பின்பக்கமாக வழிந்து, லாச்சிக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவில் விழுந்துவிடும். என் தம்பியின் சூராட் பெரானாக் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். மேசை போன பிறகுதான் தேடினோம். அதன் நகலுக்காக அப்பா எத்தனை நாள் வேலை கெட்டு, பேர் விழாமல், அலைந்தார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆகவே பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், தாத்தாவின் பழைய சிவப்பு அடையாளக் கார்டு என்று எது அங்கே கிடந்தாலும் மேசைக்கு முன்னால் அதை வெளியே எடுங்கள்.

லாச்சிக்குள் விரித்திருக்கும் பழைய செய்தித்தாளையும் கசக்கி எறிந்துவிடாதீர்கள். ‘தமிழ் நேச’னோ ‘தமிழ் முர’சோ எதுவாக இருந்தாலும் அதில் தேதி இருக்கும். அந்தத் தேதியில் மேசை உங்கள் வீட்டில் இருந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. கடைக்காரர் காட்டும் மேசையில் விரித்த தாளை மட்டும் நம்ப வேண்டாம். பழைய தாளைப் புதிய லாச்சியில் விரிப்பது பெரிய வித்தையல்ல!

இந்த மேசைகள் நம் லயங்களுக்கு எப்படி வந்தன? சில, துரை பங்களாவிலிருந்து வந்தவை. 1957 சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலும், அதற்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வெள்ளைக்காரத் துரைமார் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். கட்டில், மேசை, நாற்காலியையெல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டா போவார்கள்? பங்களாவில் வேலை செய்தவர்களுக்கும் கிராணிமார்களுக்கும் கொடுத்தார்கள், விற்றார்கள். வேறு சில, பட்டணத்துச் சீனர் தச்சுப் பட்டறைகளில் செய்து, பெண்ணுக்குச் சீராக வாங்கியவை. சீனத் தச்சர்கள் இந்நாட்டில் சங்கம் வைத்துத் தொழில் செய்தவர்கள். தச்சர்களின் தெய்வமான லு பானுக்கு அவர்கள் கட்டிய சங்கக் கோயில் பினாங்கில் லவ் லேன் தெருவில் இருக்கிறது. இன்னும் சில, நம் தோட்டத்து ஆசாரியே கிடைத்த பலகையை இழைத்துக் கொடுத்தவை. ஆசாரி செய்ததென்றால் குறைவாக நினைக்க வேண்டாம். நான் பார்த்தவற்றில் இன்றுவரை ஆடாமல் நிற்பவை பெரும்பாலும் அவைதாம்.

மேசை வந்ததே தவிர, அதன்முன் உட்கார்ந்து அலங்காரம் செய்ய நம் அம்மாமார்களுக்கு நேரம் ஏது? விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் சுவரில் தொங்கும் சின்னக் கண்ணாடியில் பொட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போவார்கள். பெரிய கண்ணாடிக்கு ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும்தான். மற்ற நாளில் அதன்மேல் ரேடியோ இருக்கும், சாமி படம் இருக்கும், கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்கள் செருகியிருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக் கதவுக்கு அடித்த சாயத்தில் மீந்ததை மேசைக்கும் அடித்தார்கள். நம் சகோதரியின் மேசைக்கு வானநீலம் வந்த கதை அதுதான்.

இப்போது ஒரு டார்ச்சு லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையின் முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் பொய் சொல்லும், அடிவயிறு பொய் சொல்லாது. லாச்சியைக் கவிழ்த்துப் போடுங்கள். அங்கே யாரும் சாயம் அடித்திருக்க மாட்டார்கள்.

முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றனவா? பல் ஒன்று அகலம், ஒன்று குறுகல் என்று இருந்து, அளவுக்காகக் கீறிய கோடும் ஓரத்தில் தெரிந்தால் அது கையால் வெட்டியது. எல்லாப் பல்லும் ஒரே அச்சாக இருந்தால் இயந்திரம். பல்லே இல்லாமல் ஆணி அடித்து முட்டவைத்திருந்தால் மலிவு வேலை, அல்லது பின்னால் பார்த்த பழுது. ஆனால் கைவேலை என்றாலே நூறு வருஷம் என்று துள்ள வேண்டாம். இயந்திரம் வந்த பிறகும் நம் பட்டணத்துப் பட்டறைகளில் வெகுகாலம் உளியும் இழைப்புளியும்தான் ஆண்டன.

அடிப்பலகையை விரல் நுனியால் தடவுங்கள். கை இழைப்புளி ஓடிய மரம் லேசாக மேடுபள்ளமாக இருக்கும். பிறகு நிறத்தைப் பாருங்கள். காற்றுப் படும் இடம் கறுத்தும், சட்டத்துக்குள் மறைந்த இடம் வெளிறியும் இருப்பது இயற்கை. உள்ளும் புறமும் ஒரே காப்பி நிறத்தில் பூசியிருந்தால், அது வயதால் வந்த நிறமல்ல, டப்பாவிலிருந்து வந்த நிறம். லாச்சி ஓடும் அடிச்சட்டம் பல வருஷம் இழுத்துத் தள்ளியதில் தேய்ந்திருக்க வேண்டும். மேசையில் எதிரே உள்ள தடமும் அதற்கு ஈடாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது கூராக இருந்தால் எங்கோ மாற்றம் நடந்திருக்கிறது.

அடுத்தது மரம். தேக்கு இந்த மண்ணின் காட்டு மரமல்ல. பர்மா, சயாம், ஜாவா என்று வெளியிலிருந்து வந்தது. பொன்னும் பழுப்பும் கலந்த நிறம், தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு, மோந்தால் பழந்தோல் போன்ற ஒரு வாசனை. வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. மெர்பாவ் மரம் செம்பழுப்பாக இருக்கும். ஈரம் பட்டால் பழுப்புச் சாறு கசியும். மெராந்தியும் ஞாத்தோவும் சிவப்போடிய மரங்கள். சாதாரண வீட்டுச் சாமான்கள் பலவும் இவற்றில்தான் செய்யப்பட்டன. மெராந்தி என்றால் மட்டமென்று அர்த்தமில்லை, விலையில்தான் தேக்குக்குக் கீழே.

இனி சொல்லப்போகிற மரத்தைக் கண்டுபிடிப்பதில் பட்டணத்து நிபுணரைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். ரப்பர் மரம்! பால்மரத்தை வெட்டித் துண்டாகப் போட்டதை நாம் பார்த்திருக்கிறோம். வெளிர் மஞ்சள் நிறம், நடுநடுவே மெல்லிய பழுப்பு இழைகள். வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலம் பூத்து, பூச்சி விழுந்துவிடும். மரத்தில் மாவுச்சத்து அவ்வளவு. அதனால்தான் அந்தக் காலத்தில் அது விறகாயிற்று, புகைக்கூடத்தில் எரிந்தது. 1967-இல் பிறையில் தொடங்கிய உருக்காலையில் கரியாகக்கூட எரிந்தது. மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி, மேசை நாற்காலி செய்யும் தொழிலாக அது வளர்ந்தது 1970களின் கடைசிக்குப் பிறகுதான். ஆகவே ஒருவர் கறுப்பாகப் பாலிஷ் போட்ட மேசையைக் காட்டி, “1930-ஆம் ஆண்டுச் சாமான், அம்மா” என்று சொன்னால் லாச்சியின் அடியைப் பாருங்கள். அங்கே நம் பால்மரம் சிரித்துக்கொண்டிருந்தால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

திருகாணியின் தலையையும் பாருங்கள். ஒற்றைக் கோடு வெட்டியது பழைய வகை. கூட்டல் குறி போட்டது 1930களின் நடுவில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தியது என்று சொல்லும் மேசையில் கூட்டல் குறித் திருகாணி இருந்தால், ஒன்று பிறகு பழுது பார்த்திருக்கிறார்கள், இல்லை கதை விடுகிறார்கள். லாச்சிப் பிடிகளைச் சுற்றி உள்பக்கம் பழைய துளைகள் அடைபட்டுக் கிடந்தால் பிடி மாற்றப்பட்டிருக்கிறது. இது குற்றமல்ல. விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கண்ணாடிக்கு வருவோம். கண்ணாடியின் முதுகில் வெள்ளியை இரசாயன முறையில் படியவைக்கும் வித்தையை 1835-இல் லீபிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கண்டுபிடித்தார். நம் வீட்டுப் பழைய மேசைக் கண்ணாடிகள் அந்த வழி வந்தவை. “பெல்ஜியம் கண்ணாடி” என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்களே, அதுவும்தான். ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்திருப்பது அந்த வெள்ளி ஈரத்தில் கெட்டதால். அது வயதின் அடையாளம். அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. தள்ளி நின்று தலையை அசைத்துப் பாருங்கள். பிம்பம் லேசாக நெளிந்தால் பழைய கண்ணாடியாக இருக்கலாம். நெளியவே நெளியாத சமமான மலிவுக் கண்ணாடி 1959-இல் இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறைக்குப் பிறகு பெருகியது. ஆனால் அதற்கு முன்பும் உயர்ந்த கண்ணாடிகளைச் சாணை பிடித்துச் சமமாக்கினார்கள். எனவே நெளியவில்லை என்பதற்காகப் புதிது என்று தள்ளிவிட முடியாது.

நம் சகோதரி வெள்ளிக்கிழமை இரவு, பிள்ளை டார்ச்சு லைட்டைப் பிடிக்க, இத்தனையும் பார்த்தார். லாச்சி அடி பொன்பழுப்பு, பிசுபிசுப்பு. பற்கள் கைவெட்டு. திருகாணி ஒற்றைக் கோடு. நடு லாச்சிக்கு மட்டும் யாரோ பிளைவுட் அடி மாற்றியிருக்கிறார்கள். மூலைகள் வளைந்து, இரு பக்கமும் லாச்சி உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, பெரிய வட்டக் கண்ணாடி. 1925 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு உலகமெல்லாம் பரவிய பாணி இது. நம் நாட்டில் 1930களிலிருந்து 1950கள்வரை இந்த வடிவம் நிறையச் செய்யப்பட்டது. ஆக, தேக்கு மேசைதான். ஆனால் பழம்பொருள் வணிகத்தில் வழக்கமாகச் சொல்லும் நூறு வயது இதற்கு ஆகியிருக்காது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். “அப்போ மதிப்பில்லையா அக்கா?” என்றார். வயதுக்குத் தனி விலை, மரத்துக்குத் தனி விலை. கெட்டித் தேக்குப் பலகையை மட்டும் இன்று எழுபது வெள்ளிக்கு யார் தருவார்? லோரிக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் பெட்ரோல் போட்டு, ஆள் வைத்து ஏற்றி, இறக்கி, விற்றால்தான் அவருக்குக் காசு. ஆனால் சாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை. பேரம் அங்கேதான் கோணிப்போகிறது.

விற்பதென்றே முடிவு செய்தால், வந்த அன்றே ஏற்றிவிடாதீர்கள். அடிப்பலகை, மூலைப் பற்கள், கண்ணாடி இவற்றைப் படம் எடுத்து, பட்டணத்தில் இரண்டு மூன்று கடைகளுக்குக் காட்டி விலை கேளுங்கள். “வீடு காலி செய்கிறோம், திங்கட்கிழமைக்குள் போகவேண்டும்” என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். அவசரத்தைக் காட்டினால் விலை அப்படியே படுத்துவிடும். கண்ணாடி ஒருவருக்கு, மேசை ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மதிப்பு. அதே சமயம், அடி முழுக்க பிளைவுட், கால் உளுத்துப்போய்க் கையால் கிள்ளினால் உதிர்கிறது என்றால், ஐம்பதோ அறுபதோ வாங்கிக்கொண்டு நிம்மதியாக அனுப்பிவிடுங்கள். அம்மா தொட்ட சாமான் என்பதற்காக, பூச்சி அரித்த மரத்தைப் புது வீட்டுக்குள் கொண்டுபோய் மற்றச் சாமான்களுக்கும் ஒட்டவைக்க வேண்டியதில்லை.

வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்து, படித்து, பட்டணத்தில் வீடு கட்டிய நம் பிள்ளைகள் இப்போது பாட்டி வீட்டில் இருந்ததுபோல ஒரு மேசை வேண்டுமென்று மலாக்கா ஜோங்கர் தெருவிலும் பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலும் தேடுகிறார்கள். (சிங்கப்பூர் வாசகர்கள் நினைவில் இருக்கும் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.) பாட்டியின் மேசையை விற்றுவிட்டு வேறொருவர் பாட்டியின் மேசையை வாங்குகிற வேடிக்கை இது!

அவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மரம் பழையது, மேசை புதியது. ஜாவாவில், மரச் சிற்பத்துக்குப் பேர்போன ஜெபாரா போன்ற ஊர்களில், இடித்த வீடுகளின் தேக்குத் தூண்களையும் உத்தரங்களையும் அறுத்துப் புதுச் சாமான் செய்கிறார்கள். நல்ல வேலைதான், நல்ல மரம்தான். பழைய தேக்கு என்று விற்றால் அது உண்மை. பழைய மேசை என்று விற்றால் பொய். சம்பந்தமில்லாத இடத்தில் அடைத்த ஆணித் துளைகளும், தேயாத லாச்சித் தடமும் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, ஒரு மேசைக்கு வேறொரு மேசையின் கண்ணாடியைக் கட்டிவைப்பது. கண்ணாடித் தூண் மேசையில் பொருந்தும் இடத்தைப் பின்பக்கமாகப் பாருங்கள். உபயோகமில்லாத துளைகள் இருந்தால் அது இரண்டாம் கல்யாணம். பூச்சித் துளையையே ஊசி முனைத் துரப்பணத்தால் போட்டு வயது கூட்டுகிறவர்களும் உண்டு. மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். பூச்சி கோணல்மாணலாகத்தான் போகும், துரப்பணம் நேராகப் போகும். நிஜத்தில் பழைய வேலை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க வேண்டுமானால் மலாக்காவில் துன் டான் செங் லோக் சாலையிலுள்ள பாபா நோஞ்ஞா அரும்பொருளகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். வாங்கவைக்க அங்கே யாரும் இல்லை என்பதே பெரிய வசதி.

சரி, வைத்துக்கொள்வதென்று முடிவாகிவிட்டது. உடனே சாயத்தைச் சுரண்டி எடுக்க உப்புத்தாளைத் தேடுவீர்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருப்பது உண்டு. உரசினால் பறக்கிற தூள் சின்னப் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு. அடுக்குமாடியின் அடைத்த அறையில் அந்தத் தூள் எங்கே போகும்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் காஸ்டிக் சோடாவைச் சுடுநீரில் கரைத்து ஊற்றினார்கள். சாயம் போயிற்று, கூடவே மேசையும் போயிற்று. அந்தக் காலத்துத் தச்சர்கள் போட்டது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசை. சுடுநீர் பட்டால் அது இளகிவிடும். மூட்டெல்லாம் பிரிந்து, தேக்கு கறுத்து, பாவமாகக் கிடந்தது. சாயம் கெட்டியாகப் பிடித்திருந்தால் அப்படியே இருக்கட்டும். வானநீலம் ஒன்றும் அவமானமில்லை. உதிர்கிற சாயம் என்றால், விவரம் தெரிந்த தச்சரிடம் கொடுத்து எடுங்கள், பிள்ளைகள் இல்லாத இடத்தில்.

சாயம் அடிக்காத, பளபளவென்ற பழைய மேசை உங்களுடையது என்றால் அது பெரும்பாலும் அரக்கு பாலிஷ். கண்ணுக்குத் தெரியாத மூலையில் பஞ்சில் துளி ஸ்பிரிட் தொட்டு வைத்தால் பிசுபிசுக்கும். அப்படியானால் மேசைமேல் சென்ட் புட்டி வைக்காதீர்கள். சென்ட்டில் இருப்பதும் ஸ்பிரிட்தான், ஒரு சொட்டு போதும், வட்டமாகத் தழும்பு விழும். சூடான காப்பிக் குவளையும் வெள்ளை வளையம் போடும். பவுடர் குற்றமற்றது. சொல்லப்போனால், தலை எண்ணெய் சிந்திவிட்டால் அதன்மேல் பவுடரைத் தூவி ஓர் இரவு விட்டுவைத்தால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் பட்ட விரிப்புத் துணியை வெயிலில் போட்டால் கறை மங்கும். மேசையை வெயிலில் போடாதீர்கள், பலகை வெடிக்கும்.

துடைப்பதற்கு நைந்த வேட்டித் துணியைவிட உயர்ந்தது எதுவுமில்லை. அழுக்கு ஏறியிருந்தால் ஈரத்தைப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். நம்மவர்கள் பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். அன்றைக்கு அழகாக இருக்கும். அது உலராத எண்ணெய். தூசியைப் பிடித்து, சிக்கு வாடை அடித்து, எறும்பையும் அழைத்துவரும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை தேன்மெழுகு பாலிஷ் மெல்லியதாகப் பூசித் துணியால் தேய்த்தால் போதும். பித்தளைப் பிடிகளைப் புளிபோட்டு விளக்கும் ஆசை வரும். குத்துவிளக்குக்குச் செய்யுங்கள். மேசையில் இருக்கும் பிடிக்குச் செய்தால் புளித்தண்ணீர் மரத்தில் வடிந்து கறையாகும். கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடிமேல் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். ஓரத்தில் இறங்கும் ஈரம்தான் பின்பக்க வெள்ளியைத் தின்கிறது. கண்ணாடியில் ஒட்டவைக்கிற ஸ்டிக்கர் பொட்டுப் பசைக்கு மட்டும் நம் தேங்காயெண்ணெய் நல்லது, ஒரு துளி துணியில் தொட்டு.

லாச்சிக்குக் கீழே தரையில் புதிதாகச் சலித்த மாவுபோல் தூள் விழுந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், விளக்கேற்றும் வீட்டில் அது நெருப்புக்கு அழைப்பு. மேசையைத் தனியாக ஒதுக்கி, பூச்சிமருந்து போடும் ஆளைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, மாடிக்கு ஏற்றுவது. முதலில் லாச்சிகளை உருவி, எது எந்தப் பொந்து என்று அடியில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போடுங்கள். கைவேலை மேசையில் ஒரு லாச்சி இன்னொன்றின் இடத்தில் சரியாக ஓடாது. கண்ணாடியைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தாங்க, ஒருவர் திருக. திருகாணிகளை உறையில் போட்டு லாச்சிக்குள் ஒட்டிவையுங்கள். கண்ணாடியைக் கம்பளியில் சுற்றி லோரியில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் முதல் பள்ளத்திலேயே தீர்ந்தது. மேசையை இழுக்காதீர்கள், மேல் பலகையைப் பிடித்தும் தூக்காதீர்கள். அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். புது வீட்டில் குளியலறைச் சுவரை ஒட்டியோ, நேர் வெயில் விழும் சன்னல் அருகிலோ வேண்டாம். சுவருக்கும் முதுகுக்கும் இடையே நான்கு விரல் இடம் விடுங்கள்.

அந்தச் சகோதரி சென்ற வாரம் கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். லோரிக்காரரை அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை, பழைய இரும்புக் கட்டிலைக் கொடுத்தாராம். மேசையின் நடுப் பொந்துக்குள் கிடைத்தவை ஒரு கொண்டை ஊசி, இரண்டு ஐந்து காசு நாணயம், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசி அட்டை. படிக்கட்டு திரும்பும் இடத்தில் மேசை நுழையாமல் நின்றுவிட்டதாம். கண்ணாடித் தூண் இரண்டையும் கழற்றிய பிறகு, ‘எழுபது வெள்ளிக்கு விட்டிருக்கலாம்’ என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தாராம். இப்போது எல்லாம் சரி, நடு லாச்சி மட்டும் இறுகுகிறது என்கிறார். தரை சமமாக இருக்காது; ஆடுகிற காலுக்கு அடியில் கெட்டி அட்டையை மடித்து வைத்துப் பாருங்கள், அதற்கும் இறுகினால் ஓடும் சட்டத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்.